சேபா: பெண்ணுக்கு மட்டும் நடத்திய பாடம்

ஆணுறையின் அவசியத்தைப் பெண்களுக்குப் போதிப்பதில் ஒரு முரண் இருப்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அணிய வேண்டியவர் ஆண்; அறிவுரை கேட்பவரோ பெண்!

லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறிய பெண்கள் பலருக்கு இம்முரண் உயிர்ச் சிக்கலாகும். அங்கு எச்.ஐ.வி. தொற்றிய லத்தீன் இனப் பெண்களுள் பெரும்பாலோர் ஆண் துணைவர் வழியாகவே அதைப் பெற்றனர். ஆணுறை என்று பேச்செடுத்தாலே ஐயமும் சண்டையும் எழும். சில வீடுகளில் அடியும் விழும். வருமானத்துக்கும் குடியுரிமைத் தாள்களுக்கும் கணவனையே நம்பியிருப்பவள் எவ்வாறு வாய் திறப்பாள்?

இவர்களுக்காக நில்டா பெரகாலோ என்ற பேராசிரியரின் குழு வகுத்த பயிற்சியே ‘சேபா’. ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்கு ‘அறிந்து கொள்ளுங்கள்’ என்று பொருள். பெண்கள் சிறு குழுக்களாகக் கூடித் தம் மொழியிலேயே உரையாடுவர். துணைவரிடம் பேசும் முறையைப் பழகுவர். தென் புளோரிடாவில் 548 பெண்களிடம் நடத்திய இதன் ஆய்வு 2012-இல் வெளியாயிற்று.

இயற்பியல் ஆசிரியர் என்ற முறையில் நான் முதலில் நோக்குவது அளவீட்டையே. ஆணுறைப் பயன்பாடு கூடியது என்பது பெண்களின் வாய்மொழி. ஆனால் சிறுநீர்ச் சோதனையில் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றும் குறைந்திருந்தது. சொல்லைச் சோதனையால் சரிபார்த்தது பாராட்டுக்குரியது. எனினும், இச்சிறு குழுவில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றுவோர் மிகச் சிலரே இருப்பர். ஆகவே, எச்.ஐ.வி. குறைந்தது என்று இதைக் கொண்டு முடிவு கட்டல் ஆகாது.

பெருங்குறை வேறொன்று. ஆண்கள் வகுப்பில் இல்லை. இருவர் சேர்ந்து போட வேண்டிய கணக்கை ஒருவருக்கே கற்பித்தால் விடை கிடைக்குமா?

அவர் இசைவின்றியே பெண் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் இன்று உள்ளன. நாள்தோறும் உண்ணும் தடுப்பு மாத்திரைக்கு அந்நாடு 2012-இல் அனுமதி அளித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு 2025-இல் அளித்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இவ்வூசி பெற்ற 2,134 இளம் பெண்களுள் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை என்ற செய்தி 2024-இல் வந்தது.

ஆனால் உரிய தாள்கள் இன்றிக் குடியேறியவர்களுக்கு, ஏழைகளுக்கான கூட்டரசின் மருத்துவக் காப்பீடு அவசரச் சிகிச்சைக்கு மேல் கிட்டாது. விலை உயர்ந்த இம்மருந்தை அவர்கள் எங்ஙனம் பெறுவர்?

‘அறிந்து கொள்ளுங்கள்’ என்பது நல்ல பாடமே. அதைக் கணவருக்கும் நடத்த வேண்டும். மருந்தும் பெண்ணின் கைக்கு எட்ட வேண்டும். அறிவு மட்டும் எட்டினால் போதுமா, சொல்லுங்கள்!