மார்த்தாளின் கேள்வி

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில் பக்கத்துச் சபைகளில் பெண்கள் கூடுகைக்கென்றே ஒரு பிரசங்கம் எடுத்து வைத்திருப்பார்கள். லூக்கா 10ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்கள். இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்ட மார்த்தாள் விருந்து வேலையில் தவிக்கிறாள். சகோதரி மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள். மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்கிறார் இயேசு. ஆகவே பண்டிகை நேரத்தில் மார்த்தாளாக அலையாதீர்கள், மரியாளாக அமர்ந்து சமாதானம் பெறுங்கள் என்று பிரசங்கம் முடியும். கேட்ட பெண்கள் எழுந்துபோய் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றுவார்கள்.

என் அம்மா இந்தப் பிரசங்கத்தை முப்பது வருடமாவது கேட்டிருப்பாள். டிசம்பர் 20க்கு மேல் அவள் நிம்மதியாக உறங்கி நான் பார்த்ததில்லை. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேரல் பாட வருகிறவர்களுக்குப் பலகாரம், 25ஆம் தேதி விடியற்கால ஆராதனை முடிந்து வரும் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு. கோவிலில் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். அடுப்பு நினைவு வந்தால் எழுந்து போக வசதி. "மார்த்தாள் இல்லேன்னா ஆண்டவருக்கு அன்னைக்குப் பட்டினிதான்" என்று ஒருமுறை சொன்னாள். நான் இங்கே சொல்லவருவதும் அதுதான். அகராதி அளவில் தெரிந்த கிரேக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன், அவ்வளவே.

மார்த்தாளின் வேலைக்கு லூக்கா எழுதும் சொல் 'டியாகோனியா'. அதே லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், வசனத்தைப் போதிக்கும் அப்போஸ்தலர்களின் பணிக்கும் இதே சொல்தான். நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அப்போஸ்தலர்கள் செய்வது 'ஊழியம்'. மார்த்தாள் செய்வது 'வேலைகள்'. ஒரே சொல் அடுக்களைக்குள் நுழைந்ததும் தன் மரியாதையை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறது.

பெண்ணிய விவிலிய ஆய்வாளர் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா, இரு பெண்களை எதிரெதிரே நிறுத்தி மௌனமானவளைப் புகழும் இந்தக் கதை, ஆதித் திருச்சபையில் பெண்களின் தலைமையை அடக்கத் துணைபோனது என்று வாதிடுகிறார். மரியாள் இதில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கதையை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. மார்த்தாள் பேசுகிறாளே! நான் தனியாகக் கஷ்டப்படுவது உமக்கு ஒரு பொருட்டில்லையா என்று நேராக ஆண்டவரிடமே கேட்கிறாள். பிரசங்கங்கள் இதை முறுமுறுப்பு என்கின்றன. சங்கீதத்தில் தாவீது இப்படிக் கேட்டால் ஜெபம் என்கிறோம்.

யோவான் 12ஆம் அதிகாரத்தில், பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் இன்னொரு விருந்து. அதிலும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். இந்தமுறை தவிப்பு இல்லை, கண்டிப்பும் இல்லை. இதற்கு முந்தைய அதிகாரத்தில், சகோதரன் இறந்த துக்கத்தோடு இயேசுவை எதிர்கொண்டு போய், நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். நீரே கிறிஸ்து என்று அறிக்கையிட்டவளும் அவளே. கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகே அவளுக்குச் சமாதானம் வந்தது என்று வாசிக்கிறேன். வேலை அப்படியேதான் இருக்கிறது.

அந்த விருந்தில் சகோதரன் லாசரு பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஏன் பரிமாறவில்லை என்று ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. செத்துப் பிழைத்தவன், போகட்டும். எல்லா வீட்டு லாசருக்களுக்கும் அந்தச் சாக்கு கிடையாது.

அம்மா போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, முந்திரிக்கொத்து வழக்கம்போல வேண்டும் என்றார்கள் வீட்டில். 23ஆம் தேதி இரவு, வறுத்துத் திரித்த சிறுபயறு மாவின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மார்த்தாளின் கேள்வியை ஆண்டவரிடம் கேட்டேன். பதில் எதுவும் காதில் விழவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் மனம் அடங்கியிருந்தது. எழுந்துபோய், கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடமும் அதையே கேட்டேன். கை கழுவிவிட்டு வந்தான். பாகு பதம் தெரியாது, உருண்டை பிடிக்க வராது. மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் போட்டதில் பாதி பிரிந்துபோனது. அடுப்புக்கு முன்னால் நின்றபடி, அடக்கம் முடிந்த நாளிலிருந்து பேசாமல் இருந்த அம்மாவைப் பற்றி இருவரும் பேசினோம்.

25ஆம் தேதி விடியற்காலையில், கடைசி பெஞ்சைத் தாண்டி முன்னால் போய் உட்கார்ந்தேன்.