பட்ட பின் மீளும் வீரன்: பொருநைக் கரைக் கதை மரபுகள்

வீரன் ஒருவனின் கதை எந்தெந்தப் படிநிலைகளைக் கடந்து செல்கிறது என்னும் ஆய்வு, 1928இல் ருசிய மாயக்கதைகளை 31 வினைக்கூறுகளாகப் பகுத்த விளாதிமிர் பிராப்பாலும், 1949இல் உலகத் தொன்மங்களைப் புறப்பாடு, சோதனை, மீட்சி என்னும் மூன்று கட்டங்களுள் அடக்கிக் காட்டிய ஜோசப் காம்பெலாலும் பரவலாக அறியப்பட்டது. பிராப்பின் கதை மணவிழாவோடும் அரியணையோடும் முடிய, காம்பெலின் வீரன் தான் பெற்ற பேற்றோடு ஊர் திரும்புகிறான். தூத்துக்குடி, கொற்கை, காயல் என நீளும் முத்துக்குளித்துறையிலும் அதை ஒட்டிய பொருநைக் கரையிலும் கரிசல் நிலத்திலும் வழங்கும் கதைகளை இந்த அளவுகோலால் மட்டும் அளந்தால் அவற்றின் உயிரான பகுதி கணக்கில் வராமல் போகும்; ஏனெனில் இங்கே வீரன் மீள்வது பெரும்பாலும் இறந்த பின்னரே.

இதன் வேர் பழையது. தொல்காப்பியப் புறத்திணையியல், போரில் பட்ட வீரனுக்குக் கல் நிறுத்தும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாக வகுக்கிறது. கல்லைத் தேர்ந்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவது என்பது இவற்றின் பொருள். மேலையார் கூறும் படிநிலைகள் வீரனின் செயல்களாக இருக்க, இவை ஆறும் அவனை இழந்தோரின் செயல்களாக இருப்பது ஊன்றிக் கருதத்தக்கது.

வில்லுப்பாட்டு மரபு இந்த வழியிலேயே வளர்ந்தது. கோயில் கொடையில் பாடப்படும் கதைகளுள் கைலாயத்தில் தோன்றிய தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. கொலையுண்டு தெய்வமான மனிதர்களின், அதாவது ‘வெட்டுப்பட்ட வாதைகளின்’ கதைகள் மற்றொரு வகை. இரண்டாம் வகையில் பிறப்பும் வளர்ப்பும் விரைந்து நகர, கதை இறப்பை நோக்கியே கூர்மை கொள்கிறது. உயிர் கைலாயம் சென்று வரம் பெற்று, பழி தீர்த்து, பீடம் கேட்டு அமர்கிறது. அந்தணனாகப் பிறந்து, அருந்ததியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை மணந்து, மாடுகளைக் காக்கப் போரிட்டு மாண்ட முத்துப்பட்டன், பாபநாசத்து மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் இன்றும் வழிபடப்படுகிறான். இறப்புக் கட்டம் நெருங்கும்போது அண்ணாவியின் வீசுகோல் நாணில் விரைந்து விழ, வில்லில் கட்டிய மணிகளும் குடமும் உடுக்கையும் ஒருங்கே உயர, சாமியாடிக்கு அருள் வந்துவிட்டால் பாட்டு அவருக்கு இடம்விட்டு நின்று, பின் தொடர்கிறது. அந்த வருகையைத் தாங்கும் வகையில் அடியை நீட்டவும் குறுக்கவும் அறிந்தவரே தேர்ந்த அண்ணாவி. குரலினிமை அதற்கு அடுத்த தகுதியே.

கதைப்பாடல்களிலும் இதே நோக்கு உண்டு. நா. வானமாமலை பதிப்பித்தவற்றுள் ஒன்றான கட்டபொம்மு கதையின் நாயகன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவன். 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டமையால், அண்ணன் முடிக்காத பயணத்தைத் தம்பி ஏற்கும் அமைப்பு இங்கே வரலாற்றிலேயே அமைந்துவிட்டது. தனி ஒருவனின் வளையத்தையே தேடும் ஆய்வாளர் இந்தக் கைமாற்றத்தைக் காணத் தவறுவர்.

காப்பிய மரபின் போக்கு வேறு. எட்டயபுரத்தில் அடக்கமாகியுள்ள உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வாழ்வை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து, அதாவது பிறப்பு, நபித்துவம், இடப்பெயர்வு என மூன்று காண்டங்களாகப் பாடுகிறது. காம்பெல் முதலில் வைக்கும் ஊர் நீங்குதல் இங்கே மூன்றாம் காண்டத்துக்கு உரியது. பிறந்த ஊரைத் துறந்து புதிய சமுதாயத்தை நிறுவுவதே உச்சம் என்பதால் இந்த வைப்புமுறை பொருத்தமே. இறப்பைக் கதையின் நடுவில் நிறுத்தும் வில்லுப்பாட்டுக்கு மாறாக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட இக்காப்பியம் நாயகரின் இறுதி நாள்களை எட்டாமலே நின்றுவிட, எஞ்சிய வரலாற்றைச் சின்னச் சீறா என்னும் பெயரில் பனீ அகமது மரைக்காயர் பாடி நிறைவு செய்தார்.