திரையிற் சோடிப் பொருத்தம்: ‘தில்லானா மோகனாம்பாள்’ பற்றிய சில குறிப்புகள்

நடிகர் ஒருவரும் நடிகை ஒருவரும் இணைந்து தோன்றும்போது பார்வையாளரிடத்து எழும் தனித்த ஈர்ப்பினை முன்னைய இரசிகர்கள் சோடிப் பொருத்தம் என்றனர். இன்று அது ‘கெமிஸ்ட்ரி’ எனப்படுகின்றது. பெயர் மாறியதேயன்றிக் கருத்து மாறவில்லை. இரு மனிதரிடையே இயல்பாகவே அமைந்துவிட்ட, விளக்கத்திற்கு அப்பாற்பட்ட ஒன்றாகவே இப்பொருத்தம் இன்றும் பேசப்படுகின்றது. நட்சத்திரங்களைப் பண்டமாக விற்கும் திரைப்படத் தொழிலுக்கு இத்தகைய மர்மம் தேவையானதே. ஆனால் விமர்சனம் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளலாகாது. ஈர்ப்பு உண்மையானது, அது எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

இதனைச் சிவாஜி கணேசன் - பத்மினி இணையினைக் கொண்டு நோக்குவோம். 1952இல் வெளிவந்த ‘பணம்’ படத்திலே தொடங்கிய இவ்விணை, 1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் அதன் உச்சத்தை எய்தியது என்பது பொதுவான கருத்து. ஆனந்த விகடனிலே தொடராக வந்த கொத்தமங்கலம் சுப்புவின் நாவலே அப்படத்தின் மூலம். ஈராண்டுகளின் பின், 1970இல், ‘வியட்நாம் வீடு’ வெளியாயிற்று. நடிகர்கள் அவ்விருவரே, ஆயின் ஈர்ப்பின் தன்மை முற்றிலும் வேறு. ஓய்வுபெறும் உத்தியோகத்தனும் அவனது சிடுசிடுப்பைத் தாங்கிப் பழகிய மனைவியும் அங்கு தோன்றுகின்றனர். நெடுங்கால இல்லறப் பழக்கமே அவர்களைப் பிணைக்கிறது. மனைவியின் உழைப்பு குடும்பத்தினுள்ளே மறைந்துவிடுகிறது. பொருத்தம் என்பது இருவரின் உடலிலே உறைவதாயின் இரு படங்களிலும் அது ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வேறுபடுவது பாத்திரங்களை இணைக்கும் சமூக உறவு. குறிப்பாக, உழைப்பின் உறவு.

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரக் கலைஞன், மோகனா ஆடற்கலைஞர். இருவரும் தத்தம் தொழிலினால் வாழ்பவர்கள். அவர்களுடைய காதல் தொழிற்போட்டியாகவே முளைக்கிறது. அவன் தூண்மறைவில் நின்று அவளது ஆடலைப் பார்க்கும் காட்சியை நினைவுகூருவோம். அவன் பார்ப்பதை அவள் அறிவாள்; அறிந்தே ஆடுகிறாள். இருவரும் தொட்டுக்கொள்வதில்லை, பேசிக்கொள்வதுமில்லை. ஒரு கலைஞரின் திறனை அதன் நுட்பமறிந்த இன்னொரு கலைஞர் மதிப்பிடுகின்ற பார்வையே அங்கு காதலின் பார்வையாகவும் ஆகிறது. பின்னர், கத்திக்குத்துக்கு இலக்காகி மீண்டவனின் சுகத்தை அவள் வினவும் காட்சியும் இத்தகையதே. சபை நடுவே நேரிற் கேட்க முடியாததை ஆடலின் வாயிலாகக் கேட்கிறாள். அவன் வாசிப்பின் வாயிலாக மறுமொழி கூறுகிறான். தமிழ்ச் சினிமாவின் காதற் காட்சிகள் பெரும்பாலும் உழைப்பிலிருந்து விடுபட்ட பூங்காக்களிலே நிகழ்பவை. இங்கோ உழைப்பே காதலின் மொழி. இவ்விணையின் ஈர்ப்புக்கு முதன்மையான காரணம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

இம்மொழிக்கு ஒரு வரலாறு உண்டு. நாதஸ்வரக் குழுவினைப் பெரியமேளம் என்றும் ஆடற்குழுவினைச் சின்னமேளம் என்றும் வழங்கிய மரபு யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கும் பழக்கமானதே. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஆறுமுகநாவலர் கோயில்களில் நிகழ்ந்த தாசியாட்டத்தைக் கண்டித்தமையை நாம் அறிவோம். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இலும், ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலும் வந்தன. எனவே மைனரும் மகாராஜாவும் ஆடற்பெண்ணை விலைபேசும் உலகினை இப்படம் காட்டியபோது, அவ்வுலகின் சட்டபூர்வமான அத்திவாரம் தகர்ந்து இருபதாண்டுகள் ஆகியிருந்தன. மகளின் கலையைச் செல்வரின் ஆதரவாக மாற்ற விழையும் தாய் வடிவாம்பாளும், தரகு வேலையில் வாழும் வைத்தியும் அவ்வமைப்பின் பொருளாதாரத்தைத் தெளிவாக உணர்த்துகின்றனர். இந்நிலமானியச் சந்தைக்கு எதிராகவே சோடியின் காதல் நிறுத்தப்படுகிறது. சந்தைக்கு எதிரான காதல் என்பதனால் பார்வையாளரின் அனுதாபம் அதற்கு இருமடங்காகக் கிடைக்கிறது.

எனினும் இவ்விடத்திலேதான் படத்தின் வரம்பும் புலனாகிறது. சண்முகசுந்தரம் மோகனாவைத் திரும்பத் திரும்பச் சந்தேகிக்கிறான். அவள் திரும்பத் திரும்பத் தன் தூய்மையை நிலைநாட்ட வேண்டியவளாகிறாள். அவனுக்கு அத்தகைய சோதனை எதுவும் இல்லை. கலையிலே சமமானவர்கள் ஒழுக்கநெறியிலே சமமற்றவர்களாகின்றனர். ஜமீந்தாரின் உடைமையாவதிலிருந்து மீட்கப்படும் பெண் கணவனின் உரிமையாவதிலே கதை நிறைவெய்துகிறது. மணத்தின்பின் அவளது சலங்கை என்னவாகும் என்ற வினாவைப் படம் தன் மையமாக்கவில்லை. ‘வியட்நாம் வீடு’ அவ்வினாவுக்கு எதிர்பாராத விடையாக அமைகிறது எனலாம்: அங்கே அதே நடிகை, சலங்கையின்றி, அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே நடமாடுகிறார்.

இன்னொன்றும் சிந்தித்தற்குரியது. சண்முகசுந்தரத்தின் நாதம் சிவாஜியினுடையதன்று. மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு அது. மோகனாவின் பாடற்குரல் பி. சுசீலாவினுடையது. இசையமைப்பு கே. வி. மகாதேவன், பாடல்கள் கண்ணதாசன். கன்னத்தின் விம்மலையும் விரல்களின் ஓட்டத்தையும் பிறர் மூச்சோடு பிசகின்றிப் பொருத்தியமை சிவாஜியின் பேருழைப்பு. பிறர் குரலுக்குக் கண்ணும் முகமும் அளித்தமை பத்மினியின் பேருழைப்பு. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் திரையில் நாம் காண்கின்ற ‘இருவர்’ உண்மையிலே ஒரு கூட்டம். தவிற்காரரும் ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் அதில் அடங்குவர். அத்தனை பேரின் உழைப்பும் ஒன்றுதிரண்டு, இரு முகங்களின் இயற்கைக் குணமாக நமக்குக் காட்சியளிக்கிறது. மனித உழைப்பின் உறவுகள் பொருள்களின் இயல்பாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் பண்டம் பற்றிய தமது ஆய்விலே விளக்கினார். சோடிப் பொருத்தம் பற்றிய மர்மமும் அவ்வகைத் தோற்றமே.

வணிகச் சினிமா முழுவதையும் கனவு வியாபாரமென ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்காளரிடையே உண்டு. அது எமக்கு உடன்பாடன்று. உழைப்பிலே சமமான இருவர் ஒருவரையொருவர் மதித்துக் காதலிப்பதைக் காண மக்கள் திரும்பத் திரும்ப விரும்பினர் என்றால், அவ்விருப்பத்தில் ஒரு நியாயமான வேட்கை உண்டு. அன்றாட வாழ்விலே தொழிலும் அன்பும் பிரிக்கப்பட்டுள்ள மக்கள், அவை இணைந்திருக்கும் காட்சியைத் திரையிலே கண்டனர். அவ்வேட்கையை இனங்காண்பதும், அதனை இல்லற உடைமைக்குள் அடக்கிவிடும் முடிவை விமர்சிப்பதும், இரு முகங்களின் பின்னே மறைந்த பலரின் பெயர்களை உரக்கச் சொல்வதும் ஒரே பணியின் மூன்று கூறுகள். இரசனையும் ஆய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அந்நாதத்தின் மூச்சு எவருடையது என அறிந்து கேட்பவன் குறைவாக இரசிப்பதில்லை.