வாயா, வாலா?

கலிஃபோர்னியாவின் அன்னா ஹம்மிங்பேர்டு ஆண், பெண்ணின் கண்ணில் பட வேண்டுமென்று சுமார் 30 மீட்டர் உயரம் ஏறித் தலைகீழாகப் பாய்கிறது. தரையை நெருங்கித் திரும்பும் கணத்தில் ‘கீச்’சென்று ஓர் ஒலி. அது தொண்டையில் பிறக்கிறதா, இறகிலா?

தொண்டைதான் என்றார்கள் ஆய்வாளர்கள் பாப்டிஸ்டாவும் மட்சுயியும், 1979இல். கிளையில் உட்கார்ந்து பாடும்போதும் அதே சாயலில் ஒலி வருகிறதே என்பது அவர்கள் வாதம். கெட்டிக்கார வாதம்தான், ஆனால் போதாது. நாதஸ்வரமும் வயலினும் ஒரே சுருதியில் ஒலிப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

2008இல் கிளார்க்கும் ஃபியோவும் காதை நம்பாமல் கத்தரியை எடுத்தார்கள். வாலின் வெளி ஓர இறகுகளைப் பிடுங்கியோ நறுக்கியோ விட்ட ஆண்கள் வழக்கம்போலப் பாய்ந்தன; ஒலி மட்டும் வரவில்லை. அதே இறகைக் காற்றுச் சுரங்கத்தில் பொருத்தியபோது, அதன் உட்புற விளிம்பு படபடத்து ஏறக்குறைய 4 கிலோஹெர்ட்ஸில் ஒலித்தது. அதிவேகக் கேமராவோ வால் விரிவது 60 மில்லிவிநாடிதான் என்றும், ஒலி எழுவது அதே கணத்தில் என்றும் காட்டியது. மூன்று சாட்சிகள், மூன்றும் ஒன்றையொன்று சாராதவை. இதற்கு மேல் தொண்டைக்கு வாதாட இடமில்லை.

சிறகின் ரீங்காரம் வேறு கதை. விநாடிக்கு 40 முறை அடிக்கும் சிறகு, கீழிறங்கும்போது மட்டுமல்ல, மேலேறும்போதும் உடலைத் தாங்குகிறது. செம்பழுப்பு ஹம்மிங்பேர்டில் இந்தத் தாங்கலில் கீழிறக்கத்தின் பங்கு 75 சதவீதம், மேலேற்றத்தின் பங்கு 25 என்று 2005இல் அளந்தார்கள். ஓர் அடிப்பில் இரண்டு உந்தல்கள் என்பதால் 40 ஹெர்ட்ஸோடு 80 ஹெர்ட்ஸும் கலந்து காதில் விழுகிறது. 2021இல், விசையையும் ஒலியையும் சேர்த்தே பதிவுசெய்த ஆய்வு இதை உறுதிசெய்தது. ஆக, ரீங்காரம் பறப்பதன் உபவிளைவு.

வால் ஒலிக்குத் திரும்பினால், 2008 ஆய்வை அளவுக்கு மீறிப் புகழ மாட்டேன். ஒலி எப்படி உண்டாகிறது என்று அது காட்டியது. பெண் அதைக் கேட்டு இணங்குகிறதா என்று சோதிக்கவில்லை. அகல்வால் ஹம்மிங்பேர்டின் சிறகு நுனி ஒலியை 1983இல் மில்லரும் இனோயேயும் பசை தடவி அடக்கியபோது, ஆண்களின் ஆக்ரோஷம் குறைந்தது, எல்லைகள் பறிபோயின. பயன்பாட்டைச் சோதித்துக் காட்டியது அந்தப் பழைய ஆய்வுதான். ‘எப்படி’ என்பதற்கு கிளார்க்–ஃபியோ, ‘எதற்கு’ என்பதற்கு மில்லர்–இனோயே: என் தீர்ப்பு இதுவே.