கட்சிச் சேனல்களுக்கு நடுவே ஓடும் பாலாறு

2019 ஆகஸ்ட் 5 அன்று வேலூர் மக்களவைத் தொகுதி ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. டி.வி.யைப் போட்டால் காஷ்மீர். 370ஆவது பிரிவு வழங்கிய சிறப்பு அந்தஸ்தை நீக்கும் அறிவிப்பு அன்று காலைதான் நாடாளுமன்றத்தில் வந்திருந்தது.

வேலூரின் கடைத்தெருவான லாங் பஜாருக்கு அது பெரிய இழப்பில்லை. தன் தேர்தலை அது நான்கு மாதமாக வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. ஏப்ரல் 18இல் நடக்க வேண்டிய வாக்குப்பதிவை இரண்டு நாள் முன்னதாக ரத்து செய்தார்கள். தி.மு.க.வின் துரைமுருகன் தரப்புக்கு நெருக்கமானவர்கள் என்று சொல்லப்பட்டவர்களிடம் வருமான வரித் துறை 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடித்ததே காரணம். பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தேர்தல் நிறுத்தப்பட்டது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. தி.மு.க. இதைப் பழிவாங்கல் என்றது, அ.தி.மு.க. கையும் களவுமாகப் பிடிபட்டார்கள் என்றது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது இரு தரப்புக்கும் பழகிய தொழில்தானே என்ற கேள்வியை, தேர்தல் செலவில் மூழ்கிய எந்தக் கட்சியின் சேனல் கேட்கும்?

கட்சிச் சேனல் என்றாலே முகம் சுளிப்பது படித்தவர்களின் வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 1942இல் துண்டுப் பிரசுரமாகத் தொடங்கிய முரசொலி முதல் 1999இன் ஜெயா டி.வி., 2007இன் கலைஞர் டி.வி., 2018இன் நியூஸ் ஜெ வரை நமக்கு இது பழகிய ஏற்பாடு. இதில் ஒளிவுமறைவு இல்லை. எந்தச் சேனல் யாருடையது என்று லாங் பஜாரில் மூட்டை இறக்குகிறவருக்கும் தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும். ஆள் தெரிந்தால் அவர் சொல்லும் விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்பது என்றும் தெரிந்துவிடும். 2001 ஜூன் 30 நள்ளிரவில் கருணாநிதி கைதானதைச் சன் டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. அரசுத் தரப்பு எடுத்த படம் ஜெயா டி.வி.யில் வந்தது. இரண்டையும் பார்த்தவர் எது எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. ஒரே ஒரு சேனல், அதுவும் நடுநிலை என்று பலகை மாட்டியது, இருந்திருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை.

ஆனால் இரண்டையும் பார்க்கிறவர் குறைந்துவருகிறார். 2019இல் துரைமுருகனின் மகன் கதிர் ஆனந்த், அ.தி.மு.க. அணியின் ஏ.சி.சண்முகத்தை வெறும் 8,141 வாக்கில் வென்றார். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் சட்டமன்றத் தொகுதிகள் ஒரு பக்கம், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மறுபக்கம் என்று தொகுதி இரண்டாகப் பிளந்தது. இந்தப் பிளவை டி.வி. உண்டாக்கியது என்று சொல்ல மாட்டேன். அ.தி.மு.க.வின் ஒரே மக்களவை உறுப்பினர் ஜூலை 25 அன்று முத்தலாக் மசோதாவை ஆதரித்தது நடந்த செய்தி. அதைக் கேட்டு முஸ்லிம்கள் மிகுந்த வாணியம்பாடி முடிவெடுத்தது என்றால் அது அரசியல் அறிவுதான். அதே சண்முகம் 2014இல் தாமரை, 2019இல் இரட்டை இலை, 2024இல் மறுபடி தாமரை. கூட்டணி மாறியதும் நேற்றைய எதிரியை இன்றைய நண்பராக்கும் வேலை சேனல்களுக்கு. அதை அலுக்காமல் செய்கிறார்கள்.

என் குறை வேறு. இரண்டு தரப்பும் சண்டை போடும் விஷயம் மட்டுமே பொதுக் கருத்தாகிறது; இரண்டு தரப்புக்கும் சங்கடம் தருவது கருத்தாகவே ஆவதில்லை. 2015ஐ எடுத்துக்கொள்வோம். ஜூனில், பள்ளிகொண்டா போலீஸ் விசாரித்து அனுப்பிய ஆம்பூர் இளைஞர் ஒருவர் இறந்தார், கலவரம் வெடித்தது. அதில் மதம் இருந்தது, போலீஸ் இருந்தது, காணாமல் போன ஒரு பெண் இருந்தார். ஆளுக்கொரு கதை கிடைத்தது, இன்றும் அதைப் பேசுகிறார்கள். அதே ஆண்டு ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோவில் டேனரிகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது. சில நாளில் செய்தி வற்றிவிட்டது.

தோல் தொழிலில் முதலாளியின் நன்கொடையும் உண்டு, ஷூ கம்பெனிப் பெண்களின் ஓட்டும் உண்டு, அந்நியச் செலாவணியும் உண்டு. எந்தக் கட்சி இதில் கை வைக்கும்? 1991இல் டேனரிக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் போனது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் பாடமான வேலூர், விவாத மேடைகளில் பெரும்பாலும் பிரியாணிக்கும் மதத்துக்கும்தான் பெயர் பெற்றது.

கட்சி சாராத ஊடகம் இதற்கு மருந்து என்று நினைப்பதும் அவசரம். 2020 ஏப்ரலில் கொரோனா தொற்றியவர்களில், டெல்லி தப்லீக் மாநாட்டுக்குப் போய் வந்தவர்களைத் தனிக் கணக்காகத் தமிழகச் சுகாதாரத் துறை அறிவித்தது. பிறகு மாநாட்டின் பெயரை விட்டுவிட்டு, ஒரே இடத்திலிருந்து வந்த தொற்று என்றது. அந்த எண்ணிக்கையை எல்லாச் சேனலும் அப்படியே ஓட்டின. அதில் பொய் இல்லை; ஆனால் கணக்கைப் பிரித்த விதமே வாணியம்பாடியையும் ஆம்பூரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கப் போதுமானதாக இருந்தது. தப்லீக் வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, ஆகஸ்ட் 21 தீர்ப்பில் ஊடகப் பிரச்சாரத்தைக் கண்டித்தது. அதற்குள் கணக்கு செல்போன்களில் ஊர் சுற்றி முடித்திருந்தது. அங்கே யார் சொன்னது என்றே தெரியாது என்பதால் குறைத்துக் கேட்கவும் வழியில்லை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் டேனரிகள் பற்றி மறுபடி தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு, மாசுபடுத்தியவர்களிடம் வசூல். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஐந்து சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன; இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டன. பாலாற்றைக் கெடுத்தது நீயா நானா என்று இரண்டு சேனலும் ஒரு மாதம் அடித்துக்கொண்டிருந்தால்கூட லாங் பஜாருக்கு அது லாபமாக இருந்திருக்கும்.