சென்னை முறையின் நிறையும் குறையும்

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1797-இல் லண்டனில் வெளியிட்ட சிறு நூல் ‘கல்வியில் ஒரு சோதனை’. சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கென இருந்த அநாதைப் பள்ளியில் அவர் செய்த சோதனையே நூலின் பொருள்.

உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார், ஆசிரியர் இணங்கவில்லை. ஆகவே சுமார் 8 வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். அவன் கற்பித்தான், மற்றவர்கள் கற்றனர். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றது. சட்டாம்பிள்ளையைக் கண்ட நம் திண்ணைப் பள்ளிகளுக்கு இது புதிதன்று.

பிறருக்கு விளக்க முயலும்போதுதான் நமக்கு விளங்காதது எது என்பது தெரியும். கற்பிப்பவனும் கற்கிறான் என்ற இவ்வுண்மையே நூலின் நிறை. ஆனால் ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை நடத்தலாம் என்ற சிக்கனமே இங்கிலாந்தைப் பெரிதும் கவர்ந்தது. சட்டாம்பிள்ளை பாடத்தை ஒப்புவிக்கச் சொல்வான், ‘ஏன்?’ என்று ஒருவன் கேட்டால் என்ன செய்வான்? இக்குறையை உணர்ந்த இங்கிலாந்து, 1846 முதல் 13 வயது நிறைந்தவர்களை ஐந்தாண்டு பழக்கி ஆசிரியராக்கும் முறைக்கு மாறத் தொடங்கியது.

மாணவ நண்பர்களே, தோழனுக்குச் சொல்லிக் கொடுங்கள். இருவருக்கும் பயன் உண்டு. ஆனால் ஆசிரியர் இல்லாத குறையை அது தீர்க்காது.