தவளைகள் பாடும் தீவும் மாமிமார் வாழும் தீவும்

வீட்டுக்குள் பார் வைப்பது கண்டியில் இப்போது ஒரு நாகரிகம். அனிவத்தையிலும் அம்பிட்டியவிலும் ஹந்தானைச் சரிவிலும் மாடி முகப்பை மூங்கில் தட்டியால் மறைத்து, பிரம்பு நாற்காலி போட்டு, அன்னாசி வடிவில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அதற்கு ‘ட்ரொப்பிக்கல் பார்’ என்று பெயரும் சூட்டிவிடுகிறார்கள். தவறணைக்குப் போகாமல் வீட்டில் குடிப்பவர் தம் மூலையை எப்படியும் அலங்கரித்துக்கொள்ளட்டும். அதில் யாருக்கும் வழக்கில்லை. வழக்கு இசையில்தான். இப்படியொரு பாருக்கு எக்ஸோட்டிகாதான் பொருந்தும், அது சலித்தால் ஹவாய் கிட்டாரோ பொஸ்ஸா நோவாவோ ட்ரொப்பிக்கல் ஹவுஸோ போடலாம், ஆனால் கேட்பவருக்குப் புரியும் மொழியில் எந்தப் பாட்டும் ஒலிக்கக் கூடாது என்பது ஏறக்குறைய விதியாகிவிட்டது. பின்னணி இசை என்றால் கவனத்தில் படாதிருக்க வேண்டும், வெப்பமண்டலம் என்றால் அலையும் பறவையும் கேட்க வேண்டும் என்று இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டும் பிழை. முதலாவது அரைப் பிழை. இரண்டாவது முழுப் பிழை.

பின்னணி இசையின் முதற்கட்டங்களை விரைவாகக் கடந்துவிடலாம். கதிரை மேசை போல அறையில் கிடக்கும் இசை என்ற குறும்பான யோசனையை 1917இல் எரிக் சாத்தி முன்வைத்தார். 1930களில் மியூசாக் நிறுவனம் அதை வியாபாரமாக்கி, உணவகங்களுக்குக் கம்பி வழியே இசை அனுப்பியது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியதும் டொன் பீச் ஹொலிவூட்டில் பசிபிக் தீவின் சாயலில் ஒரு மதுக்கூடத்தைத் திறந்தார். ‘டிக்கி பார்’ மரபு அங்கிருந்து தொடங்குகிறது. அதற்கேற்ற ஒலி கால் நூற்றாண்டு கழித்தே முழுமையாக வாய்த்தது. லெஸ் பாக்ஸ்டர் எழுதிய ‘குவைட் வில்லேஜ்’ என்ற மெட்டை ஹொனலூலுவின் ஷெல் பாரில் மார்ட்டின் டெனியின் குழு வாசித்தது. அருகிலிருந்த குளத்துத் தவளைகள் இடையில் கத்த, வாத்தியக்காரர்கள் பறவை போலக் கூவிப் பதில் சொன்னார்கள். வேடிக்கையாகத் தொடங்கிய அந்தக் கூவலே 1957இல் வந்த ‘எக்ஸோட்டிகா’ இசைத்தட்டின் அடையாளமாயிற்று. 1959இல் அந்த மெட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. வைப்ரஃபோனின் ஈர ஒலியும் பியானோவின் நிதானமும் சேர்ந்த அந்த இசை கெட்டிக்காரத்தனமானது, காதுக்கு இதமானதும்கூட. அதை மட்டம் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் கொஞ்சம் கூர்ந்து கேட்டால் ஒன்று விளங்கும்: அந்தத் தீவில் மனிதர் எவரும் இல்லை. தவளை உண்டு, கிளி உண்டு, அலை உண்டு, முரசும் உண்டு. முரசை அடிப்பவருக்கு மட்டும் பெயரில்லை, பேச்சில்லை, கடன் கொடுத்த மாமன் இல்லை. வந்து இறங்கும் விருந்தாளிக்காகக் குடியிருப்பாளரை அகற்றிவைத்த தீவு அது.

இந்த வெறுமை கண்டிக்குப் புதிதல்ல. கண்டியில் பிறந்தவருக்குத் தாம் வாழ்வது வெப்பமண்டலம் என்று தோன்றுவதே இல்லை. அது வெளியிலிருந்து வந்தவர் சூட்டிய பெயர்; அவர்களுக்கும் இந்த மலைகள் கரையோர வெக்கையிலிருந்து தப்பி ஏறிய இடமாகவே இருந்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதற்குப் பின் இந்தச் சரிவுகளைப் பற்றி உலகம் பார்த்த படங்களில் பச்சை விரிப்பு இருந்தது, பனி இருந்தது, பங்களா வராந்தா இருந்தது. கொழுந்து பறித்தவர் படத்துக்குள் வந்தபோதும் நிலக்காட்சியின் நிறப்புள்ளியாகவே வந்தார். எக்ஸோட்டிகா செய்வது இதே படத்தின் ஒலிப்பதிப்பை. ஹந்தானையின் பழைய தொழிற்சாலையில் தேயிலை நூதனசாலை இருக்க, அதே சரிவிலுள்ள வீடொன்றில் ஹொனலூலுத் தவளையைக் கத்தவிட்டுச் சாராயம் ஊற்றுவது, தன் வீட்டுக்குள்ளேயே உல்லாசப் பயணியாக நுழைவதற்குச் சமம். போதாக்குறைக்கு, கண்டியில் மழை விட்ட இரவில் உண்மைத் தவளைகளே இலவசமாகக் கச்சேரி நடத்துகின்றன.

அப்படியானால் கண்டியின் சொந்த ஒலியைப் போடலாமே என்று கேட்கத் தோன்றும். கண்டியின் சொந்த ஒலி ‘கெட்ட பெரய’ என்ற முரசு. அது தலதா மாளிகையின் நித்திய சேவைக்கும் எசல பெரஹராவுக்கும் உரியது. உல்லாசப் பயணிகளுக்காக மாலைதோறும் மேடையில் துண்டு துண்டாக ஆடிக் காட்டப்படுவதே அதற்குப் போதுமான சோதனை. மறுபக்கம் தோட்டங்களின் தப்பும், காமன் கூத்தும், சி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்துத் தந்த நாட்டார் பாடல்களும் இருக்கின்றன. அவற்றிலும் கிண்டல் உண்டு, காதல் உண்டு. ஆனால் கங்காணியையும் கடனையும் பிரிவையும் சுமந்துவந்த குரலை ஐஸ்கட்டியின் கிலுகிலுப்புக்குப் பக்கவாத்தியமாக்குவது கூசாத மனதுக்கே முடியும். நம்முடையது என்பதாலேயே எல்லா இசையும் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது. பாருக்குத் தேவை, பேச்சின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய இசை.

அத்தகைய இசை இந்தத் தீவில் ஏராளம். போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற கஃப்ரிஞ்ஞா மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் உயிரோடிருந்தது. அதன் ஆறெட்டுத் தாளத்தை எடுத்து 1940களில் சிங்களப் பாட்டாக்கியவர் வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர். எதிரெதிரே நின்று வரிக்கு வரி மறுத்துப் பாடும் ‘வாத பைலா’ அவர் வழியில் வளர்ந்தது. ஒரு மேசையைச் சுற்றி நடக்கும் தர்க்கத்துக்கு அதைவிட நெருங்கிய இசைவடிவம் வேறில்லை. 1960களில் கலிப்சோக் குழுக்கள் வந்தன. நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ், நோயல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ் போன்றவை கிட்டாரும் மரக்காஸும் சிறு முழவுமாக, ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு மேசைக்குப் போதுமான சத்தத்தில் பாடப் பழகியவை. பெற்றிக் தெனிபிட்டியவின் ஹவாய் கிட்டாரையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும்: ஹவாய் ஒலிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் கடல் கடக்காமலே அதைக் கேட்கலாம்.

ஆனால் அந்தக் காலத்தின் உண்மையான செல்வம், தமிழ் இதழ்கள் இன்றும் ஓரக்கண்ணாலேயே பார்க்கும் ஈழத்துப் பொப் இசை. திருகோணமலையிலிருந்து எம்.பி. பரமேஷ், யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியோடு நித்தி கனகரத்தினம், இரு மொழியும் சரளமாகப் புழங்கிய ஏ.ஈ. மனோகரன் என்று சில ஆண்டுகளுக்குள் ஒரு தலைமுறையே எழுந்தது. கர்நாடக சங்கீத சபைகளும் அதை மதிக்கவில்லை, முற்போக்கு விமர்சகர்களும் மதிக்கவில்லை. இரு தரப்பும் ஒருமித்த அபூர்வமான விடயம் இது. நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி நிலையத்தில் மாணவராக இருந்த நாட்களில் பாடத் தொடங்கியவர். அவருடைய ‘சின்ன மாமியே’ எதைச் சாதித்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதுவரை மெல்லிசை என்றால் சினிமாவின் செந்தமிழ்க் காதலனே பாடுவான். இங்கே பாடுபவன் அயல்வீட்டுப் பெடியன். விளிக்கப்படுவது நிலவல்ல, ஒரு மாமி. பைலாவின் தாளத்துக்குள் உறவுமுறையைக் கொண்டுவந்து, முற்றமும் வேலியும் கிண்டலும் நிறைந்த ஒரு ஊரையே மூன்று நிமிடத்தில் குடியேற்றிவிட்டார். வொலி பஸ்தியானின் நர்ஸ் நோனாவும் மனோகரனின் சுராங்கனியும் அதே ஊர்க்காரர்கள். மீன் கொண்டுவரும் கதையைச் சொல்லும் ‘சுராங்கனி’, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையிலும் ஒலித்தது. சிங்கள நண்பரும் தமிழ் உறவினரும் இஞ்சிச் சோடாவோடு இருக்கும் முஸ்லிம் அயலவரும் கூடும் கண்டி மேசையில், எல்லாருக்கும் பாதி வரியாவது தெரிந்த பாட்டு அதைத் தவிர எத்தனை இருக்கும்?

இதுவும் இரவல் உடுப்புத்தானே என்ற கேள்வி நியாயமானது. கலிப்சோ ட்ரினிடாட்டினுடையது, குழுக்களின் பெயர்கள் ஸ்பானியம், கிட்டாரும் வெளியிலிருந்து வந்தது. டெனி செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரவல் வாங்குவது குற்றமல்ல. டெனி இரவல் வாங்கிய ஊரிலிருந்து ஆட்களைக் கழித்தார். இவர்கள் இரவல் வாங்கிய மெட்டுக்குள் தம் ஆட்களைக் கூட்டினார்கள். இரண்டாவது ஆட்சேபம், புரியும் சொல் பேச்சைக் கெடுக்கும் என்பது. புதிய பாட்டுக்கு அது பொருந்தும். தெரிந்த பாட்டு அப்படியல்ல: காது அதை முழுதாகக் கேட்பதில்லை, தொட்டுவிட்டு விலகிவிடும், பல்லவி வரும்போது ஒருவர் முணுமுணுப்பார், பேச்சு தொடரும். தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அக்காலப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. ஆழ்ந்த பாஸ் இல்லாத, குரலும் கிட்டாரும் நடுவில் நிற்கும் ஒலி. சிறிய ஸ்பீக்கரிலும் குறைந்த சத்தத்தில் அது உடையாது. ட்ரொப்பிக்கல் ஹவுஸின் பாஸ் அப்படியல்ல. கண்டி போன்ற கிண்ண வடிவ ஊரில் அது சுவரைத் தாண்டிச் சரிவில் இறங்கி, கீழ்வீட்டுக்காரரின் கட்டில்வரை போகும். மூன்றாவது ஆட்சேபம் பலமானது: இந்தப் பாடல்கள் சிலவற்றின் பெண் கிண்டல் இன்று உறுத்துகிறது. உறுத்துபவற்றை விட்டுவிடலாம், தேர்வு என்பதே அதற்குத்தானே.

எந்தப் பைலாவும் சரி என்று இதற்குப் பொருளில்லை. 1977க்குப் பின் சந்தை திறந்து, கசற்றும் மின்விசைப்பலகையும் மலிந்தபோது பைலா கல்யாண வீட்டு ‘நொன்ஸ்டொப்’ ஆயிற்று. இயந்திரத் தாளம் மூச்சுவிடாமல் ஆடச் சொல்லும். ஆடச் சொல்லும் இசை பாருக்குப் பகை. தமிழ்ப் பொப்புக்கு நேர்ந்தது அதைவிடக் கொடிது. 1983 கலவரத்துக்குப் பின் அதன் மேடைகளும் கலந்த சபைகளும் சிதறின. மனோகரன் சென்னையில் வாழ்ந்து 2018இல் மறைந்தார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். இசைத்தட்டுகள் புலம்பெயர்ந்தவர் பெட்டிகளில் போயின. இப்போது கிடைப்பவற்றில் பல, தட்டின் கீறலோடு இணையத்தில் ஏற்றப்பட்ட பிரதிகள். அந்தக் கீறலைச் சுத்தப்படுத்திப் பளபளப்பாக்கிய மறுபதிவுகளைவிடக் கீறலே மேல். தகரக் கூரையில் மழை விழும் ஊரில் அது தனியாகக் கேட்கப்போவதில்லை.

ஆகவே வீட்டுப் பாருக்கு வரிசை இப்படி அமையலாம்: விருந்தினர் வரும்வரை தெனிபிட்டியவின் கிட்டார், முதல் கிளாஸுக்குக் கலிப்சோ, பேச்சு சூடேறியதும் பரமேஷும் மனோகரனும், சத்தம் கூடும்போது வொலி பஸ்தியான். நித்தி கனகரத்தினத்தின் இன்னொரு புகழ்பெற்ற பாட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும். ‘கள்ளுக்கடை பக்கம் போகாதே’ என்று கெஞ்சும் அந்தப் பாட்டு, குடிப்பவர் கூடும் இடங்களிலேயே அதிகம் விரும்பிப் பாடப்பட்டது. டெனியின் தவளைகள் எந்த விருந்தாளியிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. போயா தினத்தில் தவறணைகளெல்லாம் பூட்டிக் கிடக்க, முதல் நாளே வாங்கிவைத்த போத்தலைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அதைச் சேர்ந்து பாடும்போது, உள்ளறையிலிருந்து ஒரு மாமி உரத்துச் சிரிப்பதும் கேட்கும்.